ஊர் பேர் இல்லாத துணுக்குகள்

பத்மநாபபுரம் அரண்மனைக்குள் காலடி வைக்காதவர்களுக்குக்கூட அதைப் பற்றி ஐந்தாறு செய்திகள் தெரிந்திருக்கும். ஆசியாவிலேயே பெரிய மர அரண்மனை அது. கண்ணாடிபோல் மின்னும் அதன் கருந்தரை முட்டை வெள்ளைக்கருவும் சிரட்டைக்கரியும் சேர்த்துப் பூசியது. ராஜாவின் கட்டில் 64 வகை மூலிகை மரங்களால் ஆனது. படையில் சேர வந்தவன் 38 கிலோ கல்லை 101 முறை தூக்கிக் காட்டவேண்டும். உள்ளிருந்து சாரோடு அரண்மனை வரைக்கும் ஒரு ரகசியச் சுரங்கம் போகிறது. ஐரோப்பியரை முதன்முதலாகத் தோற்கடித்த ஆசிய மன்னன் இங்கிருந்துதான் ஆண்டான். விடுமுறை நாட்களில் தக்கலை வழியாக வந்துபோகும் கூட்டம் இவற்றைக் கேட்டுக்கொண்டு போகிறது. அன்றிரவே வாட்ஸ்அப் குழுக்களில் அவை வலம் வருகின்றன. வரலாற்றின் மூலை முடுக்குகளிலிருந்து ஒரு சிறு செய்தியை எடுத்து இன்னொருவரிடம் சொல்லும் இந்தப் பழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. அது நல்ல பழக்கம், வளரவேண்டிய பழக்கம். ஆனால் செய்தியை மட்டும் கொடுத்துவிட்டு, அது எங்கிருந்து வந்தது, யார் சொன்னது, எவ்வளவு உறுதி என்பதை உதிர்த்துவிடுகிறோம். அப்படி ஊர் பேர் இழந்த துணுக்கு, கேட்பவரை வரலாற்றுக்குள் அழைத்துப் போவதில்லை. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது.

முதலில் ‘ஆசியாவிலேயே பெரியது’ என்பதை எடுத்துக்கொள்வோம். அரண்மனை வளாகம் சுமார் 6.5 ஏக்கர். பெய்ஜிங்கில் சீனப் பேரரசர்களின் அரண்மனை 72 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 178 ஏக்கர். அதன் கட்டடங்களும் மரச்சட்டத்தால் எழுப்பப்பட்டவையே. அங்கே செங்கல்லும் பளிங்கும் கலந்திருக்கின்றன என்று யாராவது சொன்னால், இங்கேயும் கல்லும் சுண்ணாம்பும் கலந்தே இருக்கின்றன என்று பதில் சொல்லவேண்டியிருக்கும். ஆகவே இந்தப் பட்டம் ஒரே ஒரு ஒப்பீட்டில் கழன்று விழுகிறது. விழுந்தால் அரண்மனைக்கு என்ன குறைவு? ஒன்றுமில்லை. 1601-ஆம் ஆண்டு வாக்கில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் கட்டத் தொடங்கியதாகக் கருதப்படும் அரண்மனை, அதற்கும் முந்தியதாகச் சொல்லப்படும் தாய்க்கொட்டாரம், அங்கே ஒற்றைப் பலாமரத்தில் கடைந்தெடுத்த தூண், அபிரகத் தகடுகளின் வழியே நிறம் மாறி வெளிச்சம் விழும் மந்திரசாலை, மழையைச் சறுக்கி இறக்கும் ஓட்டுச் சரிவுகள், வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் விடும் மரச்சட்டச் சாளரங்கள் என ஒவ்வொன்றும் இந்த மண்ணின் மழைக்கும் வெக்கைக்கும் தச்சர்கள் கண்ட விடை. ‘பெரியது’ என்ற சொல்லைக் கேட்டவர் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். ‘இந்தச் சரிவு ஏன் இவ்வளவு தாழ்ந்து வருகிறது’ என்று கேட்க வைத்தால் அவர் நின்று பார்ப்பார்.

குளச்சல் போரைப் பற்றிய துணுக்கு இன்னும் கனமானது; ஒரு நாட்டின் பெருமிதமே அதன்மேல் ஏற்றப்பட்டிருக்கிறது. 1741 ஆகஸ்டில் குளச்சலில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பணிந்தது உண்மை. ‘ஐரோப்பியரை வென்ற முதல் ஆசியர்’ என்பது உண்மையல்ல. இதே மேற்குக் கடற்கரையில், கோழிக்கோட்டுச் சாமூதிரி 1571-இல் போர்ச்சுகீசியரின் சாலியம் கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். இலங்கையில் 1594-இல் தந்துறையில் கண்டிப் படை போர்ச்சுகீசியப் படையை அழித்தது. தளபதி பெத்ரோ லோப்பஸ் த சூசா அங்கே மடிந்தார். இதே டச்சுக் கம்பெனியைத் தைவானில் சீனத் தளபதி கோக்சிங்கா ஒன்பது மாதம் முற்றுகையிட்டு, 1662 பிப்ரவரியில் சீலாந்தியா கோட்டையை விட்டே வெளியேற்றினார். குளச்சலுக்கு 79 ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது அது. ‘முதல்’ என்று நாம் அடம்பிடிக்கும்போது சாலியத்திலும் தந்துறையிலும் போரிட்டவர்களை, நமக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களை, கணக்கிலிருந்தே நீக்கிவிடுகிறோம். இதை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆனால் விளைவு அதுதான்.

அந்தச் சொல்லை விலக்கிவிட்டுப் பார்த்தால் குளச்சல் இன்னும் துலங்குகிறது. சண்டைக்குக் காரணம் மிளகு. மார்த்தாண்ட வர்மா அண்டைச் சிற்றரசுகளை ஒவ்வொன்றாக இணைத்துக்கொண்டு வந்தார். மிளகு வணிகம் அரசின் பிடிக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒப்பந்த விலைக்கு மிளகு வாங்கிவந்த டச்சுக்காரர்களுக்கு அது பொறுக்கவில்லை. அவர்கள் குளச்சலில் இறங்கிக் காவலரண் அமைத்தார்கள். ஆனால் அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1740 அக்டோபரில், ஜாவாத் தீவின் பத்தாவியாவில் சீனக் குடியேறிகள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டு, அதைத் தொடர்ந்து ஜாவா முழுக்கப் போர் மூண்டிருந்தது. கம்பெனியின் தலைமையகம் அந்தத் தீயில் மாட்டிக்கொண்டிருந்ததால் மலபாருக்குப் போதிய துணைப்படை வரவில்லை. ஆனி, ஆடி மாதங்களில் மேலைக்கடல் கொந்தளிக்கும்; கப்பல் கரைக்கு நெருங்க முடியாது. முற்றுகைக்குள் சிக்கிய படையின் வெடிமருந்தும் பண்டங்களும் எரிந்துபோயின. ஜாவாவில் நடந்த ஒரு கொடுமையும், குளச்சல் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த ஒரு பருவக்காற்றும், ஒரு மன்னனின் பிடிவாதமும் சேர்ந்து நிகழ்த்திய வெற்றி இது. இதன்பின் 1753-இல் மாவேலிக்கரையில் ஓர் உடன்படிக்கை ஆனது. திருவிதாங்கூரின் போர்களில் தலையிடமாட்டோம் என்று டச்சுக்காரர்கள் ஒப்பினார்கள். மிளகுக்கு ஈடாக ஆயுதம் தரவும் ஒப்பினார்கள். தோற்ற கம்பெனியே வென்றவனுக்குத் துப்பாக்கி விற்கும் நிலைக்கு வந்ததைவிட வியப்பான செய்தி வேறென்ன வேண்டும் நமக்கு?

குளச்சலில் பிடிபட்ட டி லனாயின் கதையும் இப்படித்தான் மங்கிப்போயிருக்கிறது. அவரை ‘அட்மிரல்’ என்று எழுதுகிறார்கள். அரண்மனையில் இருக்கும், பிற்காலத்தில் வரையப்பட்ட சரணாகதி ஓவியத்தை, நேரில் பார்த்து வரைந்ததுபோல் எடுத்துக்காட்டுகிறார்கள். யூஸ்டாக்கியஸ் டி லனாய் அட்மிரல் அல்லர். திருவிதாங்கூர் அவருக்குக் கொடுத்த பட்டம் ‘வலிய கப்பித்தான்’. அவர் திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் அணிவகுப்பும் துப்பாக்கிப் பயிற்சியும் கொடுத்தார். உதயகிரிக் கோட்டையில் தங்கி, 1777 ஜூன் 1 அன்று அங்கேயே இறந்தார். அவருடைய கல்லறைக் கல்வெட்டு லத்தீனிலும் தமிழிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பாவில் பிறந்து, டச்சுக்காரரிடம் வேலை பார்த்து, இந்துமன்னரின் படைக்குத் தலைவரான ஒரு கத்தோலிக்கருக்குத் தமிழில் கல்வெட்டு! பத்மநாபபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் அது கிடக்கிறது. அறியப்படாத செய்தி என்றால் இது அறியப்படாத செய்தி. போய்த் தொட்டுப் பார்க்கலாம், படித்துப் பார்க்கலாம், தவறென்றால் திருத்தலாம். சுரங்கப்பாதைக் கதைக்கு இதில் ஒன்றுகூடக் கூடிவராது.

சில துணுக்குகளைச் சோதிக்க ஆவணம்கூடத் தேவையில்லை. 38 கிலோவை 101 முறை தூக்கினால் மொத்தம் 3,838 கிலோ, ஏறக்குறைய நான்கு டன். வேலை தேடி வந்த ஒவ்வோர் இளைஞனும் அதைச் செய்தான் என்றால், படைக்கு ஆள் கிடைத்திருப்பதே அரிது. ஆனால் அந்தக் கல்லை ஒதுக்கவேண்டாம். தென்மாவட்ட ஊர்களில் கோவில் முன்பும் சாவடி முன்பும் கிடக்கும் இளவட்டக்கல்லோடு சேர்த்து அதைப் பார்த்தால், உடல்வலு எப்படி ஊரார் முன்னிலையில் மெய்ப்பிக்கப்பட்டது என்ற பெரிய மரபுக்குள் அது போய்ச் சேர்கிறது. கட்டிலின் மரவகைகளை 64 என்று சிலரும் 67 என்று சிலரும் சொல்கிறார்கள். எண்ணிப் பார்த்தவர் பெயரை இருவருமே சொல்வதில்லை. தரையின் கதை கொஞ்சம் வேறு மாதிரி. சுண்ணச்சாந்தில் முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பது கற்பனை கிடையாது. செட்டிநாட்டு வீடுகளும் பழைய சென்னைக் கட்டடங்களும் அதற்குச் சாட்சி. சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல உள்வாங்கித்தான் மறுபடி கல்லாக இறுகுகிறது. அது இறுகும் பருவம் பார்த்து, ஈரம் பார்த்து, நாள்கணக்கில் கையால் தேய்த்துத் தேய்த்துத்தான் அந்த மெருகு வரும். துணுக்கில் முட்டைக்கு இடமிருக்கிறது, சிரட்டைக்கு இடமிருக்கிறது. குனிந்து தேய்த்தவர்களின் கைக்கு இடமில்லை. அதுபோலவே ஊட்டுப்புரையில் ஒரே நேரத்தில் 2,000 பேர் உண்டார்கள் என்கிறோம். எண்ணிக்கை சரியோ தவறோ, உண்டவர்கள் பிராமணர்கள் என்பதும், திருவிதாங்கூர் எங்கும் இருந்த ஊட்டுப்புரைகளுக்கு நெல் கொடுத்தவர்கள் அவற்றுக்குள் நுழைய முடியாதவர்கள் என்பதும் அந்த எண்ணுக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன.

இதற்கு ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்புதான். வியப்பு இல்லாமல் யார் வரலாற்றுப் பக்கம் திரும்புவார்கள்? பள்ளிப்பிள்ளையிடம் உடன்படிக்கையின் ஆண்டைச் சொன்னால் கொட்டாவி விடும், சுரங்கப்பாதை என்றால் கண் விரியும். ஒவ்வொன்றுக்கும் சான்று கேட்டால் ஆசையே செத்துவிடும் என்பார்கள். வியப்பு வேண்டும் என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. தமிழில் துணுக்குக்கு நல்ல பரம்பரை உண்டு. தமிழ்வாணனின் கல்கண்டு இதழ் ஒரு தலைமுறைக்கே உலகச் செய்திகளைச் சின்னச் சின்னதாகப் பிட்டுக் கொடுத்தது. பெரிய நூல்கள் எட்டாத ஊர்களில் அதுவே நூலகமாக இருந்தது. இன்னொரு பக்கம் ஏ.கே. செட்டியார் தம் குமரிமலர் இதழில் பழைய இதழ்களிலும் நூல்களிலும் புதைந்து கிடந்த அரிய குறிப்புகளைத் தேடி எடுத்து, எங்கே, எப்போது வந்தது என்ற விவரத்தோடு மறுபடி அச்சிட்டார். அவற்றைப் படிப்பவருக்குச் சுவை குறைந்ததாகத் தெரியவில்லை. ஒரு செய்தி 1890-களின் ஒரு பத்திரிகையிலிருந்து வருகிறது என்று தெரிந்தால், அந்தக் காலத்துக் குரலையும் சேர்த்துக் கேட்கிறோம். சான்று வியப்பைக் கொல்லும் என்ற அச்சம் ஆதாரமற்றது. பத்தாவியாவின் படுகொலை குளச்சல் கடற்கரையில் எதிரொலித்த கதையைச் சரியாகச் சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் கண் விரியும்.

இன்னொரு மறுப்பு இதைவிட ஆழமானது. ஆவணம் எழுதியவர்கள் யார்? அரசரும் கோவிலும் கம்பெனியும் பாதிரிமாரும். எழுத்தில் இருப்பதே உண்மை என்றால், எழுத வாய்ப்பில்லாதவர்களின் நினைவு என்னாவது? இந்தக் கேள்வியை நாஞ்சில் நாட்டில் யாரும் தட்டிக்கழிக்க முடியாது. வில்லுப்பாட்டின் மண் இது. மார்த்தாண்ட வர்மாவைப் பற்றிப் பலருக்குத் தெரிந்த செய்திகளில், மன்னரை எதிர்த்த எட்டு வீட்டுப் பிள்ளைமாரின் சதியும் மன்னர் மாறுவேடத்தில் தப்பியதும் உட்பட, கணிசமானவை சி.வி. ராமன்பிள்ளை 1891-இல் வெளியிட்ட ‘மார்த்தாண்டவர்மா’ நாவலின் வழியே பரவியவை. மன்னர் இறந்தது 1758-இல். நூறாண்டுக்கு மேல் கழித்து, மன்னரின் பக்கம் நின்று எழுதப்பட்ட புனைவு, இன்று வரலாற்றுத் துணுக்காக உலவுகிறது. அதே பூசலை எதிர்ப்பக்கம் நின்று சொல்வது தம்பிமார் கதை என்னும் வில்லுப்பாட்டு. மருமக்கள் வழியில் அரசுரிமை அக்காள் தங்கை மகனுக்குப் போகும், பெற்ற மகனுக்கு இல்லை. அந்த வழக்கில் உரிமை இழந்து உயிரும் இழந்த, முந்தைய மன்னரின் மகன்களான பப்புத் தம்பி, ராமன் தம்பி இருவருக்காக அந்தப் பாட்டு கண்ணீர் வடிக்கிறது. அதை ஆவணம் இல்லை என்று தள்ளினால் அது அநியாயம். ஆனால் வில்லுப்பாட்டு ஊர் பேர் இல்லாததா? பாடுகிற அண்ணாவி யார், எந்த ஊர், யாரிடம் கற்றார், எந்தக் கோவில் கொடைக்குப் பாடினார் என்பதெல்லாம் கேட்கிறவர்களுக்குத் தெரியும். கதை யார் பக்கம் நிற்கிறது என்பதும் தெரியும். வாய்மொழி மரபுக்கென்று ஒரு முகவரி உண்டு. துணுக்காக நறுக்கும்போது நாம் முதலில் வெட்டியெறிவது அந்த முகவரியைத்தான். ஆகவே வாய்மொழிக்காகப் பேசுகிறவர்களும் நானும் ஒரே பக்கம்தான் நிற்கிறோம்.

நம்பிக்கைக்கும் இதே முகவரி வேண்டும். நவராத்திரிக்கு முன் தேவாரக்கட்டுச் சரஸ்வதி அம்மன் பத்மநாபபுரத்திலிருந்து புறப்பட்டு, வேளிமலை முருகனோடும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையோடும் திருவனந்தபுரம் போகிறாள். அது கம்பர் பூசித்த அம்மன், அவரே சேர மன்னரிடம் ஒப்படைத்தார் என்பது தலைமுறைகளாக வரும் நம்பிக்கை. இதைக் கல்வெட்டுத் தேதிபோல் ‘வரலாற்று உண்மை’ என்று சொல்வது தவறு. ‘கட்டுக்கதை’ என்று உதறுவதும் தவறு. நம்பிக்கை என்றே சொன்னால் போதும். ஒரு தமிழ்ப் புலவரின் தெய்வம் என்று நம்பி, 1956 நவம்பர் 1-க்குப் பிறகு மாநில எல்லையே நடுவில் வந்துவிட்ட பின்பும், இரண்டு மாநிலக் காவலர்களும் மரியாதை செலுத்த, ஆண்டுதோறும் ஊர்வலம் எல்லை தாண்டுகிறது. அந்த நம்பிக்கை இன்றும் செய்துகொண்டிருக்கிற வேலை இது.

என் வாதத்தின் சுமை எல்லாம் இங்கேதான் வந்து இறங்குகிறது: பரபரப்பான துணுக்கு, பக்கத்திலேயே இருக்கும் பதிவான வரலாற்றை நகர்த்திவிடுகிறது. திருவிதாங்கூரின் முலைக்கரம் பற்றியும், அதை எதிர்த்துத் தன் மார்பையே அறுத்துவைத்த சேர்த்தலை நங்கேலி பற்றியும் இன்று நாடு முழுவதும் தெரியும். நங்கேலியின் கதை சேர்த்தலைப் பகுதியின் வாய்மொழி நினைவு. அக்காலப் பதிவுகளில் அதற்குத் தடம் கிடைக்கவில்லை. அந்த வரியும் கீழ்நிலையில் வைக்கப்பட்ட சாதிப் பெண்கள்மீது விதித்த தலைவரி; ஆண்களுக்குத் தலைக்கரம்போல. அது உடைக்கான கட்டணம் என்பது பின்னால் ஒட்டிய விளக்கம். நினைவை நினைவாக மதிப்போம். ஆனால் ஆடைக்காக உண்மையிலேயே நடந்த நீண்ட போராட்டத்தின் களம் பத்மநாபபுரம் அடங்கிய இந்தக் கல்குளம் வட்டாரம். 1822-இல் இங்கே குப்பாயம் என்னும் மேல்சட்டை அணிந்த நாடார் கிறித்தவப் பெண்கள் சந்தையிலும் தெருவிலும் தாக்கப்பட்டார்கள். வழக்கு நடந்தது. 1823-இல் பத்மநாபபுரம் நீதிமன்றம் அவர்கள் குப்பாயம் அணியலாம் என்று தீர்ப்புச் சொன்னது. 1829-இல் வந்த அரசாணை குப்பாயத்தை அனுமதித்து, தோளில் போடும் மேல்சீலையைத் தடுத்தது. 1858-இல் மறுபடி வன்முறை வெடித்தது. 1859 ஜூலை 26-இல்தான் உத்திரம் திருநாள் மகாராஜா எல்லா நாடார் பெண்களுக்கும் உடல் மறைக்கும் உரிமையை அறிவித்தார். அப்போதும் உயர்சாதியார்போல் உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. ராபர்ட் ஹார்டுகிரேவ் 1969-இல் வெளியிட்ட நாடார்கள் பற்றிய நூலில் இதை விரிவாக எழுதினார். பத்மநாபபுரம் என்ற பெயரோடு முட்டையும் சிரட்டையும் ஒட்டிக்கொண்ட அளவுக்கு இந்த 1823-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒட்டிக்கொள்ளவில்லை. அந்தப் பெண்களின் கொள்ளுப்பேத்திகள் இதே தக்கலையில், திருவிதாங்கோட்டில், இரணியலில் வாழ்கிறார்கள் என்பதால் எனக்கு இது வெறும் தகவல் பிழையாகப் படவில்லை. அவர்களுக்குச் சேரவேண்டியதைக் கொடுக்காமல் விட்டதாகப் படுகிறது.

டீக்கடையிலும் பேருந்திலும் பேசுகிறவர் ஆராய்ச்சியாளரா, அவரிடம் அடிக்குறிப்பா கேட்பது என்றால், வேண்டாம், அரைவாக்கியம் போதும். ‘கல்லறையில் எழுதியிருக்கிறது’, ‘நாவலில் வருகிறது’, ‘ஊரில் அப்படிச் சொல்வார்கள்’, ‘யார் சொன்னதென்று தெரியவில்லை’ என்ற இவற்றில் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல எந்தப் படிப்பும் வேண்டியதில்லை. அச்சில் போடுகிறவர்களுக்கும் அரண்மனையை நிர்வகிக்கிறவர்களுக்கும் மட்டும் கடமை கூடுதல். தமிழ்நாட்டு மண்ணில் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கும் இந்த அரண்மனையில் ஒவ்வொரு கூடத்திலும், தமிழிலும் மலையாளத்திலும், பதிவில் உள்ளது இது, மரபாகச் சொல்லப்படுவது இது என்று பிரித்து எழுதிவைக்கலாம். அதற்கான சரக்குக்குப் பஞ்சமில்லை. து.அ. கோபிநாதராவ் தொடங்கிவைத்த திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசை நூல்கள் இருக்கின்றன. தேரூர்க் கவிமணி கல்வெட்டும் ஓலையும் தேடி அலைந்து எழுதிய கட்டுரைகள் இருக்கின்றன. அழகியபாண்டிபுரம் முதலியார் வீட்டு ஓலைகள் இருக்கின்றன. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரிக்கொடுமை தாங்காமல் நாஞ்சில் நாட்டார் கூட்டம் போட்டு எதிர்த்து நின்றதை அவற்றில் படிக்கலாம். கே.கே. பிள்ளை 1953-இல் எழுதிய சுசீந்திரம் கோவில் நூல் இருக்கிறது. குளச்சல் பற்றி எதிராளி என்ன எழுதிவைத்தான் என்று பார்க்க ஆசைப்படுகிறவர் நெதர்லாந்து வரைக்கும் போகவேண்டியதில்லை. கொச்சியிலிருந்து மலபாரை நிர்வகித்த டச்சுக் கம்பெனியின் ஆவணங்கள் சென்னை எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. டச்சு படித்த தமிழ் இளைஞர்கள் நான்கு பேர் அங்கே போய் உட்கார்ந்தால், இன்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும் துணுக்குகளில் எவை நிற்கும் என்பது மட்டுமல்லாமல், இதுவரை யாருமே சொல்லாத துணுக்குகளும் வெளியே வரும்.